கால் கிலோ காற்று

நான் வேலைக்குச் சேர்ந்த எழுபதுகளின் கடைசியில் விமானத்துக்குள் இருக்கும் காற்றைக் கண்ணால் பார்க்கலாம். இளநீலமாக இருக்கும். சாப்பாட்டுத் தட்டுகளை வாங்கி அடுக்கி முடிப்பதற்குள் பின்பாதியில் தோள் மட்டத்துக்கு இறங்கிவிடும். யாராவது படிக்கிற விளக்கைப் போட்டால் அந்த வெளிச்சம் மேலிருந்து கீழாக ஒரு தூணாக நிற்கும். இப்போது கேபின் காற்றில் எதுவும் தெரிவதில்லை. தெரியாததால் எதுவும் இல்லை என்பது இன்றைய நிலவரம்.

எங்களுக்கு யூனிஃபார்ம் புடவை. ஐரோப்பா போய்த் திரும்பி, மீனம்பாக்கத்தில் டாக்ஸி பிடித்து வீட்டுக்கு வந்தால் அம்மா வாசலிலேயே நிறுத்துவாள். "கொல்லைப் பக்கமாப் போயி மொதல்ல புடவைய மாத்து. எதிர்வீட்டுக்காரிக்கு மூக்கு ரொம்ப நீளம்." எதிர்வீட்டு அம்மாவுக்கு ஏர் ஹோஸ்டஸ் என்றாலே ஒரு சந்தேகம் உண்டு, புடவையில் சிகரெட் நாற்றமும் அடித்தால் சந்தேகம் தீர்ப்பாகிவிடும். நான் வாழ்நாளில் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தது கிடையாது. தலைமுடி மட்டும் நாளுக்கு இரண்டு பாக்கெட் ஊதியவளுடையது. சீயக்காயைத் தேய்த்துத் தேய்த்துக் குளித்தாலும் ஈரம் காய்ந்ததும் வாசனை திரும்ப வந்துவிடும்.

புகைப்பவர்களுக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம் என்று பிரிக்கும் விதி அமெரிக்காவில் 1973-ல் வந்தது. ஒவ்வொன்றாக மற்ற நாட்டுக் கம்பெனிகளும் பிரித்தன. பிரிப்பது என்றால் சுவரோ கதவோ இல்லை. ஒரு வரிசைக்கு மேலே சின்னதாக ஓர் அட்டை. அதற்கு முன்னால் பிடிக்கக் கூடாது, பின்னால் பிடிக்கலாம். பந்தியில் ஒரு வரிசைக்குக் கருவாட்டுக் குழம்பை ஊற்றிவிட்டு, எதிர் வரிசைக்கு வாசனை போகக் கூடாது என்று சொன்ன கதைதான். அட்டைக்கு ஒரு வரிசை முன்னால் கைக்குழந்தையோடு உட்கார்ந்தவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு கூப்பிடுவாள். "மேடம், நீங்க நோ ஸ்மோக்கிங் செக்‌ஷன்லதான் இருக்கீங்க" என்று அட்டையைக் காட்டுவேன். பயிற்சியில் சொல்லிக்கொடுத்த பதில். அவள் அட்டையைப் பார்ப்பாள், நானும் பார்ப்பேன். அட்டை சரியாகத்தான் இருக்கும்.

இதில் நாசூக்கான ஒரு கூட்டம் உண்டு. புகைப்பார்கள், ஆனால் புகை நடுவில் உட்காரப் பிடிக்காது. முன்பக்கம் இடம் வாங்கிக்கொண்டு, ஆசை வரும்போது எழுந்து பின்னால் வந்து எங்கள் பேன்ட்ரி திரைக்குப் பக்கத்தில் நின்று பற்றவைப்பார்கள். நாங்கள் நின்றபடி நாலு வாய் சாப்பிடுவது அங்கேதான். எங்கள் மடக்கு இருக்கையும் அங்கேதான். "உங்களுக்கு ஒன்றும் தொந்தரவு இல்லையே?" என்று கேட்டுவிட்டுத்தான் ஊதுவார்கள், அந்தக் காலத்து மரியாதை. புகைப்பவரையே புகையிலிருந்து காப்பாற்றிய விதி அது. எங்களைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது.

மெக்கானிக்குகளுக்குத்தான் முழு விவரமும் தெரியும். கேபினில் ஒரு பக்கம் காற்று உள்ளே வந்துகொண்டே இருக்க, மறுபக்கம் ஒரு வால்வு வழியாக வெளியே போய்க்கொண்டே இருக்கும். அந்த வால்வைச் சுற்றிப் பழுப்பாகப் பிசின் படிந்திருக்கும். ஒருநாள் கிரவுண்ட் என்ஜினியர் ஒருவர் அதைப் பழந்துணியால் வழித்து எடுத்துக் காட்டினார். "இது வெளிய போனதும்மா. உள்ள தங்குனது எங்க இருக்குன்னு நீங்கதான் சொல்லணும்." எல்லாரும் சிரித்தோம். எனக்கு உடனே இருமலும் வந்தது.

எங்கள் உடம்பின் மேல் தொழிலுக்கு அக்கறை இல்லை என்று மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது. எடை பார்த்தார்கள். நகம் பார்த்தார்கள். கொண்டையில் எத்தனை முடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்த்தார்கள். கல்யாணத்துக்கு விதி, பிள்ளைப்பேற்றுக்கு விதி. முதல் கர்ப்பத்தோடு வேலை போய்விடும் என்றிருந்த விதியைச் செல்லாது என்று சொல்ல 1981-ல் நர்கேஷ் மீர்சா வழக்கும் உச்ச நீதிமன்றமும் தேவைப்பட்டன. இவ்வளவு அளந்தவர்கள் அந்த உடம்பு எதைச் சுவாசிக்கிறது என்பதை மட்டும் அளக்காமல் விட்டுவிட்டார்கள். இருமலுக்குக் கம்பெனி டாக்டரிடம் போனேன். "மேலே காற்று வறட்சி. தண்ணீர் நிறையக் குடிம்மா" என்று சீட்டு எழுதினார். மேஜை ஓரத்தில் அவருடைய சிகரெட் எரிந்துகொண்டிருந்தது.

புகையாவது கண்ணுக்குத் தெரியும். ஓசோன் தெரியாது. 1976-77 குளிர்காலத்தில், நிற்காமல் நெடுந்தூரம், அதிக உயரத்தில் பறக்கும் போயிங் 747எஸ்பி புழக்கத்துக்கு வந்த புதிதில், அமெரிக்காவிலிருந்து வடக்கே ஏறிப் பறந்த பணிப்பெண்களுக்கு நெஞ்சு எரிந்தது. மூச்சை ஆழமாக இழுத்தால் வலித்தது. பயணிகளும் இருமினார்கள். அளந்து பார்த்தபோது விஷயம் புரிந்தது. வடக்கே, குளிர்காலக் கடைசியில், ஓசோன் நிறைந்த காற்று தாழ இறங்கி வருகிறது. விமானம் அதற்குள்ளேயே பறக்கிறது. என்ஜின் அதையே உறிஞ்சிக் கேபினுக்குள் ஊதுகிறது.

1980-ல் அமெரிக்க விமானத் துறையான எஃப்.ஏ.ஏ. விதி போட்டது. 32,000 அடிக்கு மேல் எந்த நேரத்திலும் கேபின் ஓசோன் பத்து லட்சத்தில் கால் பங்கைத் தாண்டக் கூடாது. மூன்று மணி நேரச் சராசரி பத்து லட்சத்தில் பத்திலொரு பங்குக்குள் இருக்க வேண்டும். ஓசோனை உடைத்துச் சாதாரண ஆக்சிஜனாக்கும் வினையூக்கிக் கருவிகள் விமானங்களில் ஏறின. இதே காலத்தில் எங்கள் வீட்டில், மார்கழி விடியலில் எழுந்து கோலம் போட்டால் ஓசோன் காற்று கிடைக்கும், உடம்புக்கு அவ்வளவு நல்லது என்று அம்மாவுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். "அதுக்குத்தாம்மா நான் மேல போறேன், அங்க நெறையக் கெடைக்குது" என்றேன். அவள் சந்தோஷப்பட்டாள். அந்த மார்கழி ஓசோன் இன்றைக்கும் வாட்ஸ்அப்பில் வந்துகொண்டிருக்கிறது.

என் தொழிலில் ஒழுங்காக முடிந்த ஒரே வழக்கு ஓசோன் வழக்குதான். இருமினார்கள், அளந்தார்கள், எல்லை போட்டார்கள், கருவி மாட்டினார்கள். அவ்வளவு சுலபமாக முடிந்ததற்குக் காரணம் உண்டு: ஓசோனுக்குக் கம்பெனி நடத்துகிறவர் யாரும் இல்லை.

பூச்சிமருந்து அடிப்பது என் கையாலேயே செய்த வேலை. கொசு ஊர்விட்டு ஊர் போகாமல் இருக்க இந்தியாவுக்கு வரும் விமானம், ஆஸ்திரேலியாவுக்குப் போகும் விமானம் என்று பல தடங்களில் அது கட்டாயம். கதவைச் சாத்தியதும் ஆளுக்கு இரண்டு டப்பா. கைகளை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, அழுத்தியபடியே, அவசரப்படாமல் நடக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது, தீங்கில்லாதது, விரும்பினால் கண்களை மூடிக்கொள்ளலாம் என்று அறிவிப்பு ஓடும். பயணிகள் கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். அடிக்கிறவளுக்குப் பொத்திக்கொள்ள மூன்றாவது கை கிடையாது. இறங்கிய ஊரில் சுகாதார அதிகாரி ஏறி வந்து காலி டப்பாக்களை வாங்கிக் குலுக்கிப் பார்ப்பார். கொசு செத்ததா என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. டப்பா காலியா என்பதுதான் கணக்கு.

2015-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் பயணிகள் உள்ளே இருக்கும்போது அடிக்கக் கூடாது என்றது. நல்ல தீர்ப்பு. பயணிகள் இல்லாதபோது உள்ளே நின்று அடிப்பவர் யார் என்பதை மட்டும் நாமே ஊகித்துக்கொள்ள வேண்டும்.

சிகரெட்டை நிறுத்தியதும் தவணை முறையில்தான். 1986-லேயே அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழு உள்நாட்டு விமானங்கள் எல்லாவற்றிலும் தடை வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டது. 1988-ல் தடை வந்தது, இரண்டு மணி நேரத்துக்குள் முடியும் பயணங்களுக்கு மட்டும். குறைந்த நேரம் சுவாசித்தால் கெடுதல், அதிக நேரம் சுவாசித்தால் பாதகமில்லை என்று சட்டம் நினைத்தது. 1990-ல் ஆறு மணி நேரம் வரை கெடுதலாயிற்று. 1996 ஜூலை 1-க்குள் சர்வதேச விமானங்களில் அடியோடு நிறுத்துங்கள் என்று உலக நாடுகளின் விமான அமைப்பான ஐகாவோ 1992-ல் கேட்டுக்கொண்டது. அமெரிக்காவுக்கு வந்துபோகும் எல்லா விமானங்களுக்கும் தடை சட்டமானபோது வருடம் 2000.

நடுவில் ஒரு வழக்கு. நார்மா புரோயின் என்ற அமெரிக்கப் பணிப்பெண். சிகரெட் பழக்கம் இல்லாதவர். முப்பத்திரண்டு வயதில் நுரையீரல் புற்றுநோய். 1991-ல் சுமார் 60,000 பணியாளர்கள் சார்பில் அவர் பெயரில் புகையிலைக் கம்பெனிகள் மேல் வழக்குத் தொடுத்தார்கள். 1997-ல் சமரசம் ஆயிற்று. கம்பெனிகள் 30 கோடி டாலர் கொடுத்தன. அதை வைத்து ஒரு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் அமைந்தது. இருமியவர்கள் கைக்கு அதிலிருந்து ஒரு டாலர் கிடையாது. இழப்பீடு வேண்டுமென்றால் தனித்தனியாக வழக்குப் போட்டுக்கொள்ளலாம். எங்கள் தேசத்துப் பெண்களுக்கு அந்த உரிமையும் இல்லை. அமெரிக்கச் சட்டத்தின் கணக்கில் நாங்கள் இருமியது வேறு நாட்டு விமானத்தில்.

தடை வந்த பிறகும் கழிவறைக் கதவில் சாம்பல் கிண்ணம் இருக்கிறதே என்று பயணிகள் சிரிப்பார்கள். அது மறதியில் விட்டது இல்லை, விதி. 1973 ஜூலையில் பாரிஸின் ஓர்லி விமான நிலையத்துக்குப் பக்கத்தில் வாரிக் விமானம் ஒன்றின் பின்பக்கக் கழிவறையில் தீப்பற்றி 123 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் தீயில் இல்லை, புகையில். குப்பைக் கூடையில் விழுந்த சிகரெட் துண்டாக இருக்கலாம் என்பது சந்தேகம். தடையை மீறிப் பற்றவைக்கிறவன் துண்டைக் குப்பையில் போடக் கூடாது என்பதற்காகத்தான் கிண்ணம். பிடித்தால் இறங்கியதும் போலீஸ். ஆனாலும் பிடிப்பான் என்று தெரிந்து ஒரு கிண்ணம். மனிதனைச் சரியாகப் புரிந்துகொண்டு எழுதிய விதி என்று இதற்கு நான் எப்போதும் முழு மதிப்பெண் கொடுப்பேன்.

காற்றுக்கு விதியே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்க விதிப்படி விமானத்தில் ஆளுக்கு நிமிடத்துக்கு 0.55 பவுண்டு புதுக் காற்று தரும்படி வடிவமைக்க வேண்டும். நம் கணக்கில் கால் கிலோ. நாட்டுச் சர்க்கரை மாதிரி நிறுத்துக் கொடுக்கிறார்கள் என்பது எனக்கு ஓய்வுபெற்ற பிறகுதான் தெரிந்தது. கார்பன் டை ஆக்சைடு 3 சதவீதம் வரை இருக்கலாம் என்றிருந்ததை 1996-ல் அரை சதவீதமாக்கினார்கள். கார்பன் மோனாக்சைடு இருபதாயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. கேபின் அழுத்தம் 8,000 அடி உயரத்துக்குச் சமமானதைவிடக் குறையக் கூடாது. அதாவது நாற்பதாயிரம் அடியில் பறந்தாலும் ஊட்டிக்கும் தொட்டபெட்டாவுக்கும் நடுவில் எங்கோ உட்கார்ந்திருக்கிறோம்.

அந்தக் கால் கிலோவை எங்கிருந்து எடுப்பது? பறக்கும்போது மேல்வானத்திலிருந்து. தரையில் நிற்கும்போது ஊரிலிருந்து. போகி அன்று விடிகாலை மீனம்பாக்கத்தில் வரிசையில் நின்றிருக்கிறேன். 2018 போகியன்று புகையும் பனியும் சேர்ந்து ஓடுபாதையே தெரியாமல் விமானங்களை வேறு ஊர்களுக்குத் திருப்பிவிட்டார்கள். அன்றைக்கும் எடை குறைந்திருக்காது.

2020-ல் கொரோனா வந்ததும் கேபின் காற்றுக்கு விளம்பரம் கிடைத்தது. எல்லாக் கம்பெனிகளும் ஒரே குரலில் ஹெப்பா வடிகட்டியைப் பற்றிப் பேசின. மணிக்கு இருபது முப்பது தடவை காற்று மாறுகிறது, 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதம் பிடிபட்டுவிடும். ஆபரேஷன் தியேட்டர் தரம். பொய் இல்லை. கிருமிக்கு அது நல்ல காவல்தான். ஆனால் வடிகட்டி நிற்பது கேபினுக்குள்ளேயே சுற்றி வருகிற பாதிக் காற்றின் வழியில். என்ஜினிலிருந்து வருகிற புதுக் காற்றின் வழியில் பெரும்பாலான விமானங்களில் வடிகட்டி கிடையாது. தவிர, ஹெப்பா துகளைப் பிடிக்கும், ஆவியை விட்டுவிடும்.

என்ஜினிலிருந்தா என்று கேட்பீர்கள். வேலையில் சேர்ந்து வெகுகாலம் வரை எனக்கும் தெரியாது. மேலே காற்று மெலிந்திருக்கும். அழுத்தினால்தான் சுவாசிக்க முடியும். ஜெட் என்ஜினின் முன்பகுதியில் காற்றை அழுத்துகிற கம்ப்ரசர் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கிறது. எரிபொருள் சேர்வதற்கு முன்னால் அங்கிருந்து கொஞ்சம் காற்றைத் திருப்பி, குளிரவைத்து, கேபினுக்கு விட்டால் வேலை மிச்சம். பிளீட் ஏர் என்பது இதுதான். அதே என்ஜினில் பேரிங்குகளுக்கு எண்ணெய் ஓடுகிறது. எண்ணெய் காற்று வழிக்குள் போகாமல் சீல்கள் தடுக்கின்றன. சீல் தேய்ந்தால், எண்ணெயைக் கூடுதலாக ஊற்றிவிட்டால், சில நேரம் வேகம் கூட்டிக் குறைக்கும் தருணத்தில், துளி உள்ளே கசிந்து சூட்டில் ஆவியாகி நம்மிடம் வருகிறது. தேய்மானத்தைத் தடுக்க அந்த எண்ணெயில் டிரைகிரெசில் பாஸ்பேட் சேர்க்கிறார்கள். பூச்சிமருந்து ரகங்கள் பலவும் இருக்கிற ஆர்கனோபாஸ்பேட் குடும்பம். அதில் ஒரு வடிவம் 1930-ல் அமெரிக்காவில் இஞ்சிச் சாராயத்தில் கலந்து ஆயிரக்கணக்கானவர்களின் கால்களை முடக்கியது. இப்போதைய எண்ணெயில் அந்த வடிவம் மிகமிகக் குறைவு என்கிறார்கள் தயாரிப்பவர்கள்.

இதில் ஒரு வேடிக்கை. முதல் தலைமுறை ஜெட்டுகளான போயிங் 707-லும் டிசி-8-லும் கேபினுக்கென்றே தனி கம்ப்ரசர் இருந்தது. வெளிக்காற்றை நேராக எடுத்து அழுத்தித் தரும். பிறகு வந்தவை என்ஜினையே நம்பிக்கொண்டன. 2011-ல் பயணிகளோடு பறக்கத் தொடங்கிய போயிங் 787-ல் மின்சாரத்தில் ஓடும் தனி கம்ப்ரசர்கள். முக்கியமாக எரிபொருளை மிச்சம் பிடிக்கச் செய்தது. என்ஜினைத் தொடாத காற்று என்பது கூடவே கிடைத்த பெருமை. ஆக, இன்றைய அதிநவீன விமானத்தின் காற்று ஏற்பாட்டை நான் அந்தக் காலத்திலேயே 707-ல் அனுபவித்துவிட்டேன். நடுவில் சிகரெட் இருந்தது, அவ்வளவுதான்.

தொண்ணூறுகளில் ஒரு காலை. என்ஜின் ஓடத் தொடங்கியதும் கேபினில் நனைந்து காய்ந்த சாக்ஸ் நாற்றம். யாரோ ஷூவைக் கழற்றிவிட்டார்கள் என்று நானும் இன்னொரு பெண்ணும் வரிசை வரிசையாகக் குனிந்து கால்களைப் பார்த்துக்கொண்டே போனோம். எல்லாரும் ஷூ போட்டிருந்தார்கள். பறந்து கொஞ்ச நேரத்தில் நாற்றம் போய்விட்டது. எனக்கு நாக்கில் ஈயம் நக்கினதுபோல ஒரு சுவையும், புருவத்துக்கு மேலே வலியும் தங்கிவிட்டன. இறங்கியதும் குறைப்பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் எதிரே பதில்: தரையில் என்ஜினை ஓட்டிப் பார்த்தாயிற்று, குறை எதுவும் இல்லை.

மேலாளர் கூப்பிட்டார். "வாசனை எவ்வளவு இருந்ததும்மா?"

"நல்லாவே இருந்தது சார்."

"அது அளவு இல்லையே. அளவு இல்லாம எழுதினா அது பதிவு இல்ல, அபிப்பிராயம்."

அளக்கும் கருவி விமானத்தில் எங்கே சார் இருக்கிறது என்று கேட்டேன். அது தன் இலாகா இல்லை என்றார்.

இதே விவகாரம் உலகம் முழுக்க நடந்துகொண்டிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. ஆஸ்திரேலியாவில் பி.ஏ.இ. 146 ரக விமானங்களின் எண்ணெய்ப் புகை பற்றி செனட் விசாரணை நடந்து 2000-ல் அறிக்கை வந்தது. அங்கே ஜோஆன் டர்னர் என்ற பணிப்பெண் 1992-ல் ஒரு பயணத்தில் புகையைச் சுவாசித்து நாள்பட்ட இருமலுக்கு ஆளானார். அவருக்குக் கிடைத்த தீர்ப்பு நாட்டின் தலைமை நீதிமன்றம் வரை போய் நிலைத்தபோது வருடம் 2010. அதே 2010 டிசம்பரில் வியன்னாவிலிருந்து கொலோன் போன ஜெர்மன்விங்ஸ் விமானத்தில், இறங்கும் நேரத்தில் இரண்டு விமானிகளுக்கும் கை கால் மரத்து, தலை சுற்றி, ஆக்சிஜன் முகமூடியை மாட்டிக்கொண்டு எப்படியோ தரை தொட்டார்கள். விமானிகளின் அறையில் எழுந்த வாசனை எங்கிருந்து வந்தது என்பதை விசாரணையால் நிறுவ முடியவில்லை.

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பிரிட்டனின் கிரான்ஃபீல்டு பல்கலைக்கழகம் 100 பயணங்களில் காற்றைச் சேகரித்து 2011-ல் வெளியிட்ட முடிவில், எந்த ரசாயனமும் நடப்பில் உள்ள பாதுகாப்பு எல்லைகளைத் தாண்டவில்லை. 2017-ல் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பு வெளியிட்ட ஆய்வும் கேபின் காற்று அலுவலகங்களுக்கும் மழலையர் பள்ளிகளுக்கும் இணையானது, சில விதத்தில் மேலானது என்றது. கசிவைச் சுவாசித்ததால் வருடக்கணக்கில் நீடிக்கிற நோய் வரும் என்பதை மருத்துவ உலகம் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. இதையெல்லாம் நான் மறுக்கவில்லை. ஒன்றே ஒன்றுதான்: கிரான்ஃபீல்டின் 100 பயணங்களில் முறையாகப் புகார் எழுதும் அளவுக்கு ஒரு கசிவும் நடக்கவில்லை. கசிவு நடக்காத நாளில் காற்று நன்றாக இருந்தது என்பதை நானே சொல்லியிருப்பேன்.

கசிவு எத்தனை பயணங்களில் நடக்கிறது? பிரிட்டனின் நச்சியல் குழு 2007-ல் சேகரித்த கணக்குப்படி விமானிகள் சொன்னது சுமார் 1 சதவீதம். பொறியாளர்கள் சோதித்து உறுதிசெய்தது 0.05 சதவீதம். இருபதுக்குப் பத்தொன்பது வாசனைகள் தரையிறங்குவதற்குள் அபிப்பிராயமாகிவிடுகின்றன.

இதற்கு யார் பொறுப்பு என்பதிலும் ஓர் அழகு உண்டு. அமெரிக்காவில் தொழிற்சாலைத் தொழிலாளி சுவாசிக்கும் காற்றைக் கவனிக்கத் தனித் துறை இருக்கிறது. விமானப் பணியாளரை 1975-லேயே எஃப்.ஏ.ஏ. தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு அந்தத் துறையை வாசலோடு நிறுத்திவிட்டது. 2013-ல் கொஞ்சம் இரங்கி சத்தம், ரத்தம் வழி பரவும் கிருமிகள், ரசாயன அபாயத் தகவல் ஆகிய மூன்றுக்கு மட்டும் உள்ளே விட்டது. காற்று அந்தப் பட்டியலில் இல்லை. ஐகாவோ 2015-ல் கசிவை எப்படி அறிவது, எப்படிப் புகார் எழுதுவது என்று ஒரு வழிகாட்டி வெளியிட்டது. 2024-ல் அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணியாளர்கள் கசிவைப் பதிவுசெய்ய ஒரே மாதிரியான முறை வேண்டும் என்றது. பதிவுசெய்ய முறை வருகிறது. அளக்கக் கருவி வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் விதி வரவில்லை. சக்கரத்து பிரேக் எவ்வளவு சூடு என்று விமானிக்குத் திரையில் காட்டுகிற விமானங்களில், முந்நூறு பேர் சுவாசிக்கும் காற்றில் எண்ணெய் ஆவி இருக்கிறதா என்று பார்க்க இருப்பது பணிப்பெண்ணின் மூக்கு.

பயணிகளுக்கு முகமூடி இருக்கிறதே என்பார்கள். மேலிருந்து விழும் அந்த மஞ்சள் கிண்ணம் கேபின் காற்றோடு ஆக்சிஜனைக் கலந்து தருவது. அழுத்தம் போனால் உயிரைக் காக்கும். புகைக்கும் ஆவிக்கும் பயன்படாது. விமானிக்கு முழு ஆக்சிஜன் முகமூடி உண்டு. அது சரிதான், ஓட்டுகிறவர் விழித்திருக்க வேண்டும். பயணிகளுக்கு அறிவிப்பு உண்டு.

என் தங்கை மகள் இப்போது ஒரு தனியார் கம்பெனியில் கேபின் க்ரூ. போன தீபாவளிக்கு வந்தவள் என் பழைய போட்டோக்களைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "எப்படிப் பெரியம்மா அந்தப் புகையில வேலை செஞ்சீங்க? நாங்கல்லாம் ஒரு நாள் தாங்க மாட்டோம்."

"உங்க விமானத்துல வாசனை வந்தா என்னடி பண்ணுவே?"

"ஆப்-ல ஃபார்ம் இருக்கு பெரியம்மா. என்ன மாதிரி வாசனைன்னு லிஸ்ட் வரும். எரிஞ்ச வாசனை, கெமிக்கல், சாக்ஸ், மற்றவை. தொட்டா போதும்."

சாக்ஸ் பட்டியலில் ஏறிவிட்டது! எனக்குப் பெருமையாக இருந்தது. என் காலத்தில் அபிப்பிராயமாக இருந்தது இப்போது பொத்தானாகியிருக்கிறது.

"அனுப்பினா?"

"நன்றின்னு மெயில் வரும்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, மறுநாள் ஃபிளைட் இருக்கும்."

"பயணிங்க கேட்டா என்ன சொல்லுவே?"

"ஏசி ஆன் ஆகும்போது அப்படித்தாங்க இருக்கும், கொஞ்ச நேரத்துல போயிடும்னு சொல்லணும். டிரெய்னிங்ல சொல்லிக் குடுத்தாங்க." சொல்லிவிட்டு அதிரசத்தைக் கடித்தாள். அவள் சொன்னதில் தவறும் இல்லை. கொஞ்ச நேரத்தில் போய்விடத்தான் செய்யும்.

நாங்கள் கேட்பதும் பெரிய விஷயம் இல்லை. என்ஜினிலிருந்து வரும் வழியில் ஆவியையும் பிடிக்கிற வடிகட்டி, எண்ணெய் வந்தால் விமானிக்குச் சொல்கிற உணரி, பொத்தானைத் தொட்ட புகார்கள் என்னவாயின என்று ஊரறியக் கணக்கு. காற்று இவ்வளவு சுத்தம் என்கிறவர்கள்தான் முதலில் இவற்றைக் கேட்டு வாங்க வேண்டும்; அளந்து காட்டினால் அவர்களுக்குத்தானே பெருமை. கேட்பதாகக் காணோம்.

வராமல் போகாது. சிகரெட்டுக்கு வந்தது, ஓசோனுக்கு வந்தது. எங்கோ ஒருத்தி வழக்குப் போடுவாள், பதினெட்டு வருடம் நடக்கும், ஏதாவது கம்பெனி கோடிக்கணக்கில் கொடுத்து ஓர் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கும், விதி வரும், அன்றைக்கு எல்லாரும் இது எங்களுக்கு அப்போதே தெரியும் என்பார்கள். அதற்குள் என் தங்கை மகள் பென்ஷன் வாங்கிக்கொண்டிருப்பாள் என்று எழுத வந்தேன். தனியார் கம்பெனி, பென்ஷன் கிடையாதாம்.